வைக்கோல் முயலும் சிங்கப்பூர் ஸ்கோப்பும்

என்னிடம் ஒரு காலத்தில் ஸ்கோப் வைத்த ஏர்கன் இருந்தது. எமர்ஜென்சி முடிந்து இரண்டொரு வருடம் ஆன சமயம். உத்திரமேரூர் தாலுகாவிலேயே வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது என்று நானே முடிவு செய்து, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. பி.ஏ.வில் இரண்டு பேப்பர் பாக்கி. காவாந்தண்டலத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு நஞ்சை இருந்தது. அதில் இறங்கி வேலை செய்ய ஆட்கள் இருந்தார்கள், வரப்பில் நின்று மேற்பார்க்க என் அப்பா, நைனா இருந்தார். எனக்கென்று மிஞ்சியது சாப்பிடுகிற வேலை ஒன்றுதான், அதை மட்டும் குறையில்லாமல் செய்துவந்தேன்.

அப்படிப்பட்டவன் தலையில் ஒரு குடும்ப கௌரவம் வந்து உட்கார்ந்தது.

மாட்டுப் பொங்கலன்று திருமுக்கூடல் பக்கம் பெருமாள் பரிவேட்டைக்கு வருவது எங்கள் பகுதியில் பெரிய விசேஷம். வண்டி கட்டிக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வந்த எங்களூர் முன்னோர் யாரோ, ‘நம்ம அம்மனுக்கு மட்டும் இன்னா கொறைச்சல்’ என்று கேட்டிருக்க வேண்டும். அன்று முதல் காணும் பொங்கலன்று எங்களூர் அம்மனும் வேட்டைக்குப் புறப்பட்டாள். வேட்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏரிக்கரைப் புளியமரத்துக் கிளையில் வைக்கோலால் கட்டிய ஒரு முயலைத் தொங்கவிடுவார்கள். அம்மன் சார்பாக எங்கள் வீட்டு ஆண் ஒருவர் அதைச் சுட்டு இறக்குவார். முயல் தரையில் விழுந்ததும் மேளம் முழங்கும். சுட்டவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். முதல் பிரசாதம் எங்களுக்கு. அதற்குப் பிறகுதான் ஊருக்கு.

மூன்று வெடிக்குள் முயல் விழ வேண்டும் என்பது விதி. விழாவிட்டால் அந்த மரியாதை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி என்றால் நைனாவுக்கு அண்ணன் முறை, எனக்குப் பெரியப்பா. நல்ல மனுஷர். முப்பது வருடமாக, முயல் விழாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து நிற்பார். அம்மன் அவருக்கு ஒரு வருடமும் செவிசாய்க்கவில்லை. நைனா தன் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்து, தோளில் வைத்து, ஒரே வெடி. ஏரியே அதிரும். புளியமரம் புகையில் மறையும். புகை விலகும்போது முயல் தரையில் கிடக்கும். எனக்கு நினைவு தெரிந்து ஒரு தடவைகூட இரண்டாவது வெடிக்குத் தேவை வந்ததில்லை.

அந்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்காமல் விட்டதில் நாட்டுத் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே நைனாவின் வலது தோள், முறுக்கிப் போட்ட துணிபோல, மேலே எழும்பாமல் போயிற்று. ஆகவே சுட வேண்டியவன் நான், சுட வேண்டியது மெட்ராஸிலிருந்து நான் காக்கை ஓட்ட வாங்கி வைத்திருந்த ஏர்கன் என்று ஆனது. ஊர்க்கூட்டத்தில் பெரியப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்த வச்சிக்கினு கொசு சுடலாம்” என்றார்.

“எம்புள்ள மொசலு சுடுவான்” என்றார் நைனா.

நைனா என்னைப் பற்றி நாலு பேர் நடுவில் நல்லதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அதைக் காப்பாற்றியாக வேண்டும் என்று நான் நிஜமாகவே நினைத்தேன். இதில் கேலி எதுவும் இல்லை. அந்தப் பரிவட்டத்தை நான் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும், அதை நைனா பார்க்க வேண்டும். அந்தக் கார்த்திகையில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

இந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் வந்தார். மாமாவுக்குக் கப்பலில் வேலை. சிங்கப்பூரிலிருந்து அக்காவுக்கு நைலக்ஸ் புடவையும், நைனாவுக்கு டார்ச் லைட்டும், எனக்கு ஒரு கறுப்புக் குழாயும் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் இரண்டு திருகு. கண்ணை வைத்தால் எதிர்வீட்டுக் கூரை மேல் படர்ந்த பூசணிக்கொடி நம் மடிமேல் கிடப்பதுபோல் தெரியும். நடுவே முடி மாதிரி மெல்லிய கூட்டல் குறி.

“ஸ்கோப்புடா. துப்பாக்கி மேல வச்சிக்கினு பாத்தா, அந்த பிளஸ் எங்க கீதோ அங்கதான் குண்டு போவும். குருடன் சுட்டாலும் தப்பாது” என்றார் மாமா.

அவர் சொன்ன உதாரணம் எவ்வளவு பொருத்தம் என்பது தையில்தான் தெரிந்தது.

ஸ்கோப் கிடைத்துவிட்டதே தவிர, அதைப் பூட்ட ஏர்கன் மேல் இடம் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருந்தவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதுவரை ஏர் ஓட்டியிருக்கிறாரே தவிர ஏர்கன் பார்த்ததில்லை. ஆயில் எஞ்சின் ரப்பர் குழாய்க்குப் போடும் இரும்பு கிளிப் இரண்டை எடுத்து, ஸ்கோப்பை அப்படியே துப்பாக்கிக் குழலோடு சேர்த்துக் கட்டினார். பின்பக்கத்தில் ஏர்கனோடு வந்த குறிபார்க்கும் தகடு இடித்தது.

“இத்து இன்னாத்துக்கு?” என்றார்.

“அத்தப் பாத்துதான் மொதல்ல சுடுவோம்.”

“இனிமே?”

“இனிமே ஸ்கோப்பு கீதே” என்றேன்.

ரம்பத்தை எடுத்து ஒரு பீடி புகைகிற நேரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டார். விழுந்த தகட்டை நான் திரும்பியும் பார்க்கவில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். நான் பட்டப்பகலில் பிடித்தேன்.

அடுத்த ஒரு மாதம் அந்தக் குழாய் எனக்குக் கற்றுக்கொடுத்ததை, என் இரண்டு பேப்பரும் சேர்ந்துகூடக் கற்றுக்கொடுத்ததில்லை. ஏர்கனுக்குள் இருப்பது ஸ்பிரிங். நாட்டுத் துப்பாக்கி பின்னால் ஒரு உதை உதைத்துவிட்டு அடங்கிவிடும். ஸ்பிரிங் அப்படியில்லை, பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் குழாய் கிளிப்பிலிருந்து ஒரு நூல் நகரும். பத்தாவது குண்டுக்கு அது என் புருவத்தில் வந்து இடித்தது. வலது புருவத்தின் மேல் பிறை மாதிரி ரத்தக்கட்டு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஊர்க்கண் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டது உண்மைதான், அது என் சொந்தக் கண்.

மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் வட்டம் போட்டு முப்பது அடியில் நின்று சுட்டேன். முப்பது அடியில் ஸ்கோப்பில் சுவரே கலங்கல் தண்ணீராகத் தெரிந்தது. அது தூரத்து மானைச் சுட வெள்ளைக்காரன் செய்த கண்ணாடி, பக்கத்துச் சுவரைப் பார்க்க மறுத்துவிட்டது. இன்னும் பின்னால் போனேன். கொல்லை முடிந்து, வைக்கோல்போர் தாண்டி, வேலியில் முதுகு இடித்ததும்தான் வட்டம் தெளிந்தது. குண்டு வட்டத்துக்கு இடதுபுறம் ஒரு முழம் தள்ளிப் பட்டது. திருகைத் திருகினேன். வலதுபுறம் ஒரு முழம். எந்தத் திருகு எந்தப் பக்கம் தள்ளும் என்று எழுதிய காகிதத்தை அம்மா அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டிருந்தாள். குண்டு டப்பாக்கள் காலியாயின, சுவர் அம்மை கண்டது. விளக்கெண்ணெய்க்குக் கேடே தவிர பிள்ளை பிழைத்தபாடில்லை என்று நைனா மாட்டிடம் சொன்னார். மாடு தலையாட்டியது.

ஆனால் ஊருக்குள் என் மதிப்பு ஏறியது. சாயங்காலமானால் ஏரிக்கரையில் ஸ்கோப் பார்க்க ஒரு கூட்டம். ஒரு கண்ணை மூடத் தெரியாதவர்கள் துண்டால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். எதிர்க்கரையில் மேய்கிற மாடு யாருடையது, எந்த மடையில் யார் முறையில்லாமல் தண்ணீர் திருப்புகிறார் என்பதெல்லாம் என் குழாய் வழியாக அம்பலமாயிற்று. இரண்டு சண்டைகள் நடந்தன. பிறகு பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது. நான் அந்தக் குழாயை வைத்துக்கொண்டு பெண்கள் குளிக்கிற துறையைப் பார்க்கிறேனாம். சத்தியமாகப் பார்க்கவில்லை. அந்த எண்ணம் எனக்குத் தோன்றாதது ஒழுக்கத்தால் அல்ல, திருகைத் திருப்பவே நேரம் சரியாக இருந்ததால். ஆனாலும் காலை வேளையில் நான் ஏரிக்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று தீர்ப்பு ஆயிற்று.

மார்கழிக் கடைசியில் ஒரு வழியாகக் குறி நின்றது. கிளிப்புக்கு அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து முறுக்கினேன், நகர்வது குறைந்தது. நாற்பது தப்படியில் பால்பவுடர் டப்பா மூடியைப் பத்துக்கு ஏழு தடவை அடித்தேன். அந்த ஏழு, என்னை மனுஷனாக இல்லாமல் ஆக்கிவிட்டது. யார் எது பேசினாலும் ஸ்கோப்பில் கொண்டுபோய் முடித்தேன்.

போகிக்கு முதல்நாள் நைனா கொல்லைக்கு வந்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

“அந்தப் புளியமரம் கீதே...” என்று ஆரம்பித்தார்.

“நாப்பத்திரெண்டு தப்படி நைனா. அளந்துட்டேன்.”

“அதில்லடா. அந்த மரத்துக்குப் பின்னால...”

“பின்னால ஏரி. காத்து அங்கருந்து வரும். அத்தயும் கணக்குப் பண்ணிட்டேன்” என்றேன். பிறகு காற்றுக்கும் குண்டுக்கும் உள்ள உறவைப் பற்றி, மாமா சொன்னதையும் நானே கண்டுபிடித்ததையும் சேர்த்து, அவருக்கு விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். பொங்கலன்று காலை நாஷ்டா சாப்பிடும்போது மறுபடியும் “டேய், ஒரு விசயம்” என்றார். “ஒண்ணும் பயப்படாதீங்க நைனா” என்று நான் அவர் முதுகைத் தட்டினேன். பெற்ற தகப்பன் முதுகை அதற்கு முன்னும் பின்னும் நான் தட்டியதில்லை. அவர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

காணும் பொங்கல் வந்தது. அம்மன் மேளதாளத்தோடு ஏரிக்கரைக்கு வந்து இறங்கினாள். ஏரி கரை தளும்பக் கிடந்தது. புளியமரத்துக் கிளையில் புது வைக்கோல் முயல், கோணிக் காதும் குன்றிமணிக் கண்ணுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே ஒரு பக்கம் நின்றது. பெரியப்பா வழக்கமான இடத்தில், வழக்கமான வேண்டுதலோடு, புது வேட்டி கட்டி நின்றார்.

நான் துப்பாக்கியை எடுத்து ஒரு தடவை ஒத்திகை பார்த்தேன். முயல் வட்டத்துக்குள் வந்தது. வைக்கோலைக் கட்டிய சணலின் முறுக்குகூடத் தெரிந்தது. கொஞ்சம் கீழே இறக்கினேன். மரத்துக்குப் பின்னால் ஒரு மனிதமுகம்.

எனக்குத் தெரிந்த முகம்தான். ஏரிக்குக் கீழ்க்கடைசியில் இருளர் குடிசைகள் உண்டு. எங்கள் நிலத்தில் களையெடுப்பு, அறுப்பு, வரப்பில் எலி வெட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. அங்கிருந்து வருகிறவர். நைனா வயது இருக்கும். அன்றைக்கு நான் அவரை ‘அவர்’ என்று சொன்னதில்லை. இப்போது எழுதும்போது சொல்கிறேன், எழுத்தில் மரியாதை சுலபமாக வந்துவிடுகிறது. ஸ்கோப்பில் அவர் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருப்பது, அதில் புகையிலை அடக்கியிருப்பது, தாடையில் வெள்ளை முடி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

“யாருப்பா அது மரத்தாண்ட?” என்று சத்தம் போட்டேன். “தள்ளிப் போ. குண்டு பட்டா கண்ணு போயிடும்.”

அவர் நகரவில்லை. நைனாவைப் பார்த்தார்.

நைனா என் பக்கத்தில் வந்து, “வுடுடா. அவன் அங்கியே நிக்கட்டும்” என்றார் மெதுவாக.

“இன்னா நைனா பேசறீங்க? ஒரு ஆளுக்கு ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? எனக்கு நல்லா தெரியுது, ஆளு குறிக்கு நேரா நிக்கறான்.”

பெரியப்பா இரண்டடி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நைனா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆகாயத்தைப் பார்த்தார். “போ, போய்த் தூரமா நில்லு” என்று நான் மறுபடியும் விரட்டினேன். அந்த மனிதர் குனிந்து மரத்தடியில் ஏதோ செய்தார். பிறகு மடைப்பக்கம் நடந்துபோய், கூட்டத்துக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு நான் துப்பாக்கியைப் பூசாரியிடம் கொடுத்தேன்.

சுடுவதற்கு முன் துப்பாக்கியை அம்மன் காலடியில் வைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். நாட்டுத் துப்பாக்கிக்கு மரக்கட்டையில் வைப்பார். எங்கள் பக்கத்தில் லாரிக்கு ஹெட்லைட்டில் வைப்பார்கள், தையல் மிஷினுக்குச் சக்கரத்தில் வைப்பார்கள். பூசாரி என் ஏர்கனை மேலும் கீழும் பார்த்தார். இருப்பதிலேயே வட்டமாக, பளபளவென்று, முகம்போல இருந்தது ஸ்கோப்பின் முன்கண்ணாடி. கட்டைவிரலால் சந்தனத்தை வழித்து அதன் மேல் ஒரே அப்பாக அப்பினார். சந்தனத்தின் மேல் குங்குமம். எண்ணெயில் குழைத்த குங்குமம். திருப்திப்படாமல் திருப்பிப் பிடித்து, நான் கண் வைக்கும் பின்கண்ணாடியிலும் ஒன்று வைத்தார்.

வாங்கிக் கண்ணில் வைத்தேன். இருட்டு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

“பூசாரி, கண்ணாடியில வச்சிட்டீங்களே” என்றேன், உதடு அசையாமல்.

“கண்ணுலதாம்பா வக்கணும். ஆத்தா நல்லாப் பாக்கட்டும்” என்றார்.

ஒரு விரலால் துடைத்தால் போயிற்று என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். அம்மன் எதிரே நிற்கிறாள். அவள் பாதத்திலிருந்து எடுத்து வைத்த குங்குமத்தை, பொங்கலும் அதுவுமாக, ஊர்ப் பெண்கள் குலவையிடும்போது, எங்கள் வீட்டுப் பிள்ளை வேட்டியில் துடைப்பதா? முயல் விழாவிட்டால் மரியாதை மட்டும்தான் போகும். துடைத்திருந்தால் அடுத்த வருடம் மழை பெய்யாததற்கும் நான்தான் காரணம் என்றிருப்பார்கள். குழாயைக் கழற்றிவிடலாம் என்றால் திருப்புளி வீட்டில் இருந்தது. கழற்றினாலும் பிரயோஜனமில்லை. குறிபார்க்கும் தகடு உத்திரமேரூரில், லேத் பட்டறைக் குப்பையில் கிடந்தது.

கூட்டம் அடங்கியது. மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார்கள். நான் ஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஆழ்ந்து குறிபார்த்தேன். அதைவிட ஆழமாக நான் எதையும் பார்த்ததில்லை, அதைவிடக் குறைவாக எதுவும் தெரிந்ததுமில்லை.

முதல் குண்டு. ‘டப்’ என்றது. முப்பது வருடம் ஏரி அதிரக் கேட்ட ஊருக்கு அது வெடிச்சத்தம் என்றே புரியவில்லை. “சுட்டாச்சா?” என்று யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார். புளியமரத்திலிருந்து ஒரு காகம் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே கிளையில் உட்கார்ந்தது.

இரண்டாவது குண்டு. ஒரு புளிய இலைக் கொத்து உதிர்ந்தது. ஊர் முழுவதும் அது தரையைத் தொடும்வரை கண்ணால் தொடர்ந்தது. முயல் அசையவில்லை.

மூன்றாவதற்குக் குழலை மடக்கினேன். ஓரக்கண்ணால் நைனாவைப் பார்த்தேன். அவர் முயலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மடைப்பக்கம் உட்கார்ந்திருந்த அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏன் என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை. அம்மனை வேண்டிக்கொண்டு சுட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இலைகூட விழவில்லை.

மேளக்காரர்கள் தூக்கிய குச்சியைத் தூக்கியபடியே நின்றார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாயிற்று. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். முப்பது வருட வேண்டுதல் நிறைவேறிய முகத்தோடு பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

அதற்குள் நைனா குரல் கொடுத்தார். மடைப்பக்கம் கையைக் காட்டி, ஊரே கேட்க, ஆனால் மிகச் சாதாரணமாக, “மொசலு கிளையில மாட்டிக்கிச்சி போல கீது. போயி இன்னான்னு பாரு” என்றார்.

அந்த மனிதர் எழுந்தார். அவசரப்படவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, மரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தார். முயல் சொத்தென்று தரையில் விழுந்தது. அதன் கழுத்திலிருந்த கயிறு கிளையைத் தாண்டிச் சரசரவென்று கூடவே வந்து விழுந்தது. நீளமான கயிறு. அதன் மறுமுனை இத்தனை நேரமும் எங்கே கட்டியிருந்தது என்று புரிந்துகொள்ள பி.ஏ. தேவையில்லை. கிளையில் தொங்கிய முயலை மரத்துக்குப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால்தான், வெடித்ததும் விட முடியும். நான்தான் அவரை விரட்டினேன். அவர் பாவம், கயிற்றை வேரில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மேளம் முழங்கியது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பூசாரி, மேளக்காரர், என் அம்மா, குலவையிட்ட பெண்கள், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் தெரியாதவன் ஒருவன்தான், அவன்தான் ஸ்கோப் வைத்திருந்தவன்.

பெரியப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் நைனா பக்கத்தில் வந்து, “மாட்டிக்கிச்சி, மாட்டிக்கிச்சி. நானும் பாத்தேன்” என்றார். கயிற்றைப் பற்றிக் கேட்டால், நாளைக்கு மரியாதை அவர் வீட்டுக்கு வரும்போது அவருக்கும் கயிறு இருக்காதே. ஆனால் சும்மா விடவில்லை. “ஒரு வருசம் உன் வூடு, ஒரு வருசம் என் வூடு. இன்னா சொல்ற?” என்றார். நைனா தலையாட்டினார். மூன்று தலைமுறை மரியாதையில் பாதியை நான் மூன்று குண்டில் சுட்டு இறக்கிவிட்டேன்.

பூசாரி என் தலையில் பரிவட்டம் கட்டினார். ஆசைப்பட்டது கிடைத்தது. நைனா பார்த்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். விழுந்த முயலை எடுத்துத் தடவிப் பார்த்தேன். பின்தொடை வைக்கோலுக்குள் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தால் ஈயக் குண்டு. மூன்றில் ஒன்று பட்டிருக்கிறது. கண் தெரியாமல், குங்குமத்தின் வழியாக, நாற்பத்திரண்டு தப்படியில். ஓடிப்போய் நைனாவிடம் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

“பட்டுக்கீது நைனா, பாருங்க.”

“பட்டா இன்னாடா? மொசலு வியலயே” என்றார். பிறகு கொஞ்சம் கழித்து, “சொல்லத்தான் வந்தேன், ரெண்டு வாட்டி. நீ அவ்ளோ சந்தோசமா கீற. வெடிச்சதும் அவன் வுட்டுடுவான், நீ சுட்டதாவே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் முப்பது வருடமாகத் துப்பாக்கியில் வெறும் மருந்து மட்டும்தான் கெட்டித்தார், குண்டே போட்டதில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

பிரசாதம் கொடுத்தார்கள். முதலில் எங்களுக்கு, பிறகு பெரியப்பா வீட்டுக்கு, பிறகு ஊருக்கு. வெயில் ஏறி, பொங்கல் அண்டாவின் அடி தெரியும்போது இருளர் குடிசைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் இலையை நீட்டி வாங்கிக்கொண்டு ஏரிக்கரையோரம் உட்கார்ந்தார். நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. போய், வேலை இருப்பதுபோல, துண்டால் ஸ்கோப் கண்ணாடியைத் துடைத்தேன். அம்மன் மலையேறிவிட்டதால் இப்போது துடைக்கலாம். குங்குமம் போயிற்று. உள்ளே பார்த்தால் கூட்டல் குறியில் நெட்டுக்கோடு அறுந்து, கழித்தல் குறி மட்டும் இருந்தது. மூன்றாவது குண்டின் உதையில் போயிருக்கும். அதற்குப் பிறகு அந்தக் குழாய் பரணுக்குப் போயிற்று, நானும் பேப்பர் எழுதப் போனேன்.

“எத்தினி வருசமா நீ கவுறு அவுக்கற?” என்று கேட்டேன்.

“எங்கப்பனுக்கு அப்பறம் நானு சின்னய்யா.”

“அப்ப இத்தினி வருசமா மொசல வியவச்சது நீதானா?”

அவர் என் தலையிலிருந்த பரிவட்டத்தை ஒரு தரம் பார்த்தார். ஒரு வாய்ப் பொங்கலை மென்று விழுங்கினார்.

“நானு எங்க சின்னய்யா வியவச்சேன்? பெரியய்யா சுட்டாரு, வியுந்திச்சி. கவுற புட்சிக்கினு நிக்கறதுதான் நம்ம வேல.”

 பிறகு அவர் துப்பாக்கி மேலிருந்த குழாயைக் காட்டினார்.

“காலையில அந்தக் கொயா வயியா என்னப் பாத்தீங்களே. நல்லா தெரிஞ்சேனா?”

“தெரிஞ்ச. வாயில பொகையில அடக்கிக்கினு இருந்தது வரைக்கும் தெரிஞ்சிது.”

“கையில கவுறு இருந்திச்சே, சின்னய்யா” என்றார்.

ஸ்கோப்பின் வட்டம் சின்னது. எதையும் பெரிதாகக் காட்டும், ஆனால் அவர் முகத்தோடு இடம் முடிந்துவிட்டது, கை அதற்கு வெளியே இருந்தது. இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அது குழாயின் குறை என்று ஆகிவிடும். பரிவட்டம் நெற்றியில் நழுவி இறங்கிக் கண்ணை மறைத்தது, அதைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.